தம்கட்டி ராயப்பன்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பட்டப்பெயர் வாங்காமல் வேலை பார்த்தவன் எவனும் இல்லை. லேத்து ஓட்டுகிறவன், பாலீஷ் போடுகிறவன், டீக்கடைக்காரன் என்று ஆளுக்கொரு பெயர் வைப்பார்கள். வைத்த பெயரைச் சாகிறவரை விடவும் மாட்டார்கள். ராயப்பனுக்கு அவர்கள் வைத்தது 'தம்கட்டி'.

காரணம் இதுதான். மண்ணூர்பேட்டை பக்கம் கஜபதி முதலாளிக்கு ஒரு முலாம் ஷெட் இருந்தது. நட்டு, போல்ட், கம்பி வளையம் என்று வருகிற இரும்புச் சாமானுக்கெல்லாம் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாக முலாம் பூசித் தருகிற இடம். அந்த முலாம் தொட்டியில் இருப்பது சயனைடு தண்ணீர். ஷெட்டின் வாசலிலிருந்து உள்கோடி வரை சுவரோரமாக அந்தத் தொட்டி நீண்டு கிடக்கும். ராயப்பனின் வேலை உள்கோடியில், ஜன்னல் பக்கம். பூசி முடித்த சாமானை அலசி உலர்த்தவேண்டும். ஆக, தினமும் தொட்டியைக் கடக்காமல் அவன் தன் இடத்துக்குப் போக முடியாது.

வாசலில் நிற்பான். நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பான். இரண்டு கன்னமும் பணியாரம் போல உப்பிக்கொள்ளும். மனசுக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே'யைத் தொடங்குவான். அது 'ஆமென்' என்று முடிவதற்குள் உள்கோடியைப் பிடித்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித்தான் மூச்சை விடுவான். தண்ணீர் குடிக்கப் போனாலும் அப்படி, சாப்பிடப் போனாலும் அப்படி. மற்றவர்கள் அந்தத் தொட்டிமேலேயே குனிந்து நின்று பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்கிற இடம் அது. மேலே காற்றை இழுத்துத் தள்ளுகிற விசிறி ஓடிக்கொண்டிருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

"இன்னா தம்கட்டி, மாதா இன்னிக்கி வேகமா வந்தாங்களா, மெதுவாவா?" என்பார் ஜம்புலிங்கம் மேஸ்திரி. ஷெட்டே சிரிக்கும். பயப்படுகிறவன் ஒருத்தன் கிடைத்துவிட்டால் நம் ஜனங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தங்களுக்குள் இருக்கிற பயத்தையெல்லாம் அவன் தலையில் கொட்டிவிட்டு நிம்மதியாகச் சிரிக்கலாம், பாருங்கள்.

இந்தப் பயத்தை அவனுக்குள் விதைத்ததே அந்த ஜம்புலிங்கம்தான். எண்பத்திரண்டில், பூந்தமல்லி பக்கத்திலிருந்து ராயப்பன் வேலைக்கு வந்த முதல் நாள், மேஸ்திரி ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று முட்டை முட்டையாக இருந்தது.

"இது இன்னா தெரியுமா நைனா? சயனைட்டு. ஒண்ணு வாயில போட்டேன்னு வையி, அம்மான்னு கூப்புட நேரம் இருக்காது."

ராயப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அது கூட பரவாயில்ல. வாயில போட்டாத்தானே. ஆனா இதுங்கூட ஆசிட்டு சேந்துச்சுன்னு வச்சிக்க, காத்தாப் பூடும். காத்த இன்னா பண்ணுவே, கையால தள்ளுவியா?"

புது ஆளை மிரட்டிப் பார்க்கிற வழக்கம்தான். சொன்னவர் அன்று சாயங்காலமே மறந்துபோனார். அந்த வாரமே, ஷெட்டில் வேலை பார்க்கிற தாயம்மாளின் ஆடு பின்பக்க வாய்க்காலில் தண்ணீர் குடித்தது. குடித்த ஆடு நாலு அடி நடந்தது, முன்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்கவில்லை. ராயப்பன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டின் கண் திறந்தபடியே இருந்தது. அன்றைக்குப் பிடித்த மூச்சுதான், பன்னிரண்டு வருஷமாக அவன் விடவில்லை.

சாப்பாட்டுத் தூக்கை ஷெட்டுக்குள் எடுத்துவர மாட்டான். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்துச் சாப்பிடுவான். சாயங்காலம் சிவப்பு சோப்பைப் போட்டு முழங்கை வரைக்கும் தோல் உரியத் தேய்ப்பான். வீட்டுக்குப் போனாலும் குளிக்காமல் பெண்டாட்டி பக்கத்தில் போக மாட்டான்.

பெண்டாட்டி ரோஸி அவனுக்கு நேர் எதிர். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே அவளும் அதே ஷெட்டில் கம்பி கட்ட வந்துவிட்டாள். தொட்டியில் முக்குவதற்காகச் சாமான்களைக் கம்பியில் கோத்துச் சட்டத்தில் மாட்டுகிற வேலை, பெண்கள் செய்வது. ராயப்பன் எவ்வளவோ தடுத்தான். "நீ உள்ள கீறே, நான் ஊட்ல குந்திகினு நீ வருவியா வர மாட்டியான்னு வாசலப் பாத்துகினு கெடக்கணுமா? அதுக்கு இங்கியே வந்து பாத்துக்கறேன்" என்றாள். துரு எடுக்கிற ஆசிட்டை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் வீட்டுக் கக்கூசைக் கழுவுவாள். தொட்டியைக் கடக்கும்போது வேண்டுமென்றே புருஷனைப் பார்த்துக் கன்னத்தை உப்பிக் காட்டுவாள். அவள் சிரித்தால் மட்டும் ராயப்பனுக்குக் கோபம் வராது. ஆனால் உள்ளுக்குள் நடுங்கும். இவள் இப்படி இருக்கிறாளே, இவளுக்குச் சேர்த்து நான்தான் பயப்படவேண்டும் என்று நினைத்துக்கொள்வான்.

தொண்ணூற்று மூன்றில் எஸ்டேட்டில் தண்ணீர் கஷ்டம் வந்தது. ஷெட்டில் அப்போது முலாம் பூசிய சாமானை அலச ஒரே ஒரு தொட்டிதான். காலையில் குழாயைத் திறந்துவிட்டால் சாயங்காலம் வரை ஓடிக்கொண்டே இருக்கும், அலசின தண்ணீர் அப்படியே பின்பக்க வாய்க்காலுக்குப் போகும். அந்த வாய்க்கால் மண்ணூர்பேட்டைக் குடிசைகளின் கொல்லையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது என்பதைப் பற்றி ஷெட்டில் யாரும் பேசுவதில்லை. போர் வற்றி, லாரித் தண்ணீர் வாங்குகிற நிலைமை வந்தபோதுதான் கஜபதிக்கு உறைத்தது. கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணாமல் விட்டால் ஷெட்டை மூடவேண்டியிருக்கும் என்று அதிகாரிகளும் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கஜபதி ஒரு எஞ்சினியரிங் காலேஜுக்கு ஆள் அனுப்பினார்.

வந்தவர் தாட்சாயிணி மேடம். முலாம் தொழிலில் தண்ணீரையும் விஷத்தையும் எப்படிக் குறைப்பது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கையில் குடையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு வாரம் ஒன்றும் பேசாமல் ஷெட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஒரு தொட்டி இருந்த இடத்தில் மூன்று தொட்டி கட்டச் சொன்னார், படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக.

"சாமான் கீழ்ப் படியிலிருந்து மேல் படிக்கு ஏறும். தண்ணி மேல் படியிலிருந்து கீழ் படிக்கு இறங்கும். கடைசியா அலசறது நல்ல தண்ணியில. முதல்ல அலசறது பழைய தண்ணியில. குழாயைச் சொட்டவிட்டாப் போதும்" என்றார்.

போதுமாகத்தான் இருந்தது. ஒரு நாளைக்கு ஓடிய தண்ணீர் இப்போது ஒரு வாரத்துக்கு வந்தது. கீழ்த் தொட்டியில் சேர்கிற கெட்டித் தண்ணீரில் கொஞ்சம் முலாம் தொட்டிக்கே திரும்பப் போனது. மீதி உள்கோடியில் வெட்டிய ஒரு குழியில் சேர்ந்தது. சனிக்கிழமைதோறும் அதில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுக் கலக்கி, விஷத்தை முறித்து, பிறகுதான் வெளியே விடவேண்டும். கஜபதிக்கு வாயெல்லாம் பல்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரையும் குழியைச் சுற்றி நிறுத்தினார்.

"விஷம் குறையல. முன்னாடி வாய்க்கால் பூராவும் பரவிக் கிடந்துச்சு, இப்ப இங்க ஒரே இடத்துல சேர்ந்திருக்கு. சேர்ந்திருக்கறதாலதான் நம்மால அதை அழிக்க முடியுது. ஆனா இதுல ஆசிட் மட்டும் விழக்கூடாது. விழுந்தா விஷக் காத்து வரும்." பிறகு சுற்றிப் பார்த்து, "இங்க ரொம்பப் பயப்படற ஆள் யாரு?" என்று கேட்டார்.

அத்தனை பேர் கையும் ராயப்பனைக் காட்டியது. ரோஸியின் கையும்தான். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்ப இந்தக் குழியை இவர்தான் பார்த்துக்கணும்" என்றார் மேடம்.

அன்று ராயப்பனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பதினோரு வருஷத்தில் அவன் பயத்தை மதித்துப் பேசிய முதல் மனுஷி. தலையை ஆட்டினான். ஆட்டின தலை நின்ற பிறகுதான் தன் கழுத்தில் என்ன விழுந்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. அதுவரை அவன் கடந்து போனால் போதும் என்றிருந்த விஷம், இப்போது அவன் பொறுப்பில், அவன் காலடியில்.

மேடம் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருந்தார். குழியைச் சுற்றி ஒரு செங்கல் உயரத்துக்குக் கரை கட்டவைத்தார். மேலே பலகை போட்டு மூடவைத்தார். குழிக்குப் பக்கத்துச் சுவரின் அடியில் ஒரு ஓட்டை உண்டு. ஷெட்டின் தரை முழுக்க அந்த ஓட்டையை நோக்கித்தான் சரிவு. அது வெளியே ஆசிட் கழிவுக்கென்று இருக்கிற சுண்ணாம்புத் தொட்டிக்குப் போகும். "தரையில எது கொட்டினாலும் இந்த ஓட்டை வழியா வெளிய போயிடும். கரை ஏறிக் குழிக்குள்ள வராது" என்று ராயப்பனுக்குக் காட்டினார். அவனும் கேட்டுக்கொண்டான்.

ஆனால் பயம் என்பது சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற வஸ்து இல்லையே. மறு வருஷம் ஐப்பசி நெருங்க, மேகம் கருத்தது. ராயப்பன் வேறு கணக்குப் போட ஆரம்பித்தான். மழை அடித்து ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்து, குழி நிரம்பி, கரை தாண்டி வழிந்தால்? வழிந்தது அந்த ஓட்டை வழியாகத்தானே வெளியே போகும். சுண்ணாம்புத் தொட்டி நிறைந்தால் அதற்குப் பக்கத்திலேயே வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடிசைகள். முன்பாவது ஏராளமான தண்ணீரில் கரைந்துபோன விஷம், அதற்கே ஆடு செத்தது. இப்போது போவது கெட்டி விஷம். கொல்லையில் குழந்தைகள் கால் கழுவுவதைப் பார்த்திருக்கிறான். சோற்றில் கை வைத்தால் அந்த ஆட்டின் கண் ஞாபகம் வந்தது.

ஒரு நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம், ரோஸியின் பழைய ஊதாப் புடவை ஒன்றை இறுக்கச் சுருட்டி அந்த ஓட்டைக்குள் திணித்தான். காலால் உதைத்து உள்ளே தள்ளினான். மேலே கொஞ்சம் சாக்குத் துண்டு. மழைக்காலம் முடிந்ததும் எடுத்துவிடலாம். மேடத்திடம் சொல்லலாமா என்று யோசித்தான். சொன்னால் அவரும் சிரித்துவிடுவாரோ என்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அன்று ராத்திரி பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட்டில் அதற்கு மேல் ஒரு பண்டிகை கிடையாது. முதல் நாளே மெஷினையெல்லாம் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஷெட்டைக் கழுவி விடுவார்கள். கிறிஸ்தவனும் கழுவுவான், மற்றவனும் கழுவுவான், பொரி கடலை எல்லோருக்கும் ஒன்றுதான். முலாம் ஷெட்டில் தரை கழுவுவதற்கென்றே ஒரு பழக்கம் உண்டு. வருஷம் பூராவும் படிந்த துருக்கறை சோப்புக்கெல்லாம் போகாது. துரு எடுத்து ஓய்ந்துபோன பழைய ஆசிட்டைத்தான் எப்படியும் கொட்டப்போகிறோமே என்று வாளி வாளியாகத் தரையில் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்ப்பார்கள். நுரைத்துக்கொண்டு கறை கழன்று வரும். பிறகு தண்ணீர் அடித்துவிட்டால் தரை புதுசு. மேடத்துக்கும் இது தெரியும். கரைக்கு இந்தப் பக்கம் மட்டும் ஊற்றுங்கள், குழி பக்கம் போகாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அன்று தரை கழுவிய பெண்களும் அந்தச் சொல்லை மீறவில்லை. அந்த வாரம் சனிக்கிழமைக்கு முன்பே பூஜை வந்துவிட்டதால் குழியில் இன்னும் பவுடர் போடவில்லை. அதனால் என்ன, கரைதான் இருக்கிறதே.

ராயப்பனும் ஜம்புலிங்கமும் அம்பத்தூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பூசணிக்காயும் பொரியும் வாழைக்கன்றும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். கரண்ட் மெயினை அணைத்துவிட்டு விசிறிக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். அது ஓடவில்லை. ஷெட் வாசல் படியில் புஷ்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் கம்பி கட்டுகிறவள். பக்கத்தில் தாயம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா புஷ்பா?"

"தல சுத்துது அண்ணாத்தே. வெயிலு போல."

அன்று வெயிலே இல்லை. மேகமாக இருந்தது.

"ரோஸி எங்க?"

"உள்ள கீது. ஊத்துன தண்ணி போவாம அப்டியே நிக்கிது. ஓட்டைல இன்னாமோ அடைச்சிகினு கீதுன்னு குனிஞ்சி நோண்டிகினு கீது."

ராயப்பன் கையிலிருந்த பூசணிக்காய் கீழே விழுந்து உடைந்தது.

"இன்னா தம்கட்டி, திருஷ்டி இன்னிக்கே கழிச்சிட்டியா" என்று ஜம்புலிங்கம் சிரிக்க ஆரம்பித்தார். ராயப்பனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஆசிட்டு" என்றான் ராயப்பன். "குழி."

வாசலில் நின்று உள்ளே பார்த்தான். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் அசையாமல் நின்றது. உள்கோடியில் செங்கல் கரை தெரியவில்லை, தண்ணீர் அதை மூடியிருந்தது. பலகை ஓரமாக மிதந்து கிடந்தது. ரோஸி சுவரோரம் ஒருக்களித்து விழுந்திருந்தாள், ஒரு கை ஓட்டைக்குள்ளேயே இருந்தது.

"ரோஸி" என்று கூப்பிட்டான். அசைவில்லை.

ராயப்பன் ஓடினான் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். பொய். அவன் ஓடவில்லை, நின்றான். திரும்பி கேட்டுக்கு வெளியே போய்விடு, போய்விடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. அத்தனை வருஷமாக எதை நினைத்து நினைத்துச் செத்தானோ, அது இதோ கண்ணெதிரே தேங்கிய தண்ணீராக, சத்தமில்லாமல், நிறமில்லாமல் நிற்கிறது. அதைக் கொண்டுவந்து வைத்ததும் அவன்தான். மேஸ்திரி பின்னாலிருந்து, "வேணான்டா, நீயும் பூடுவே" என்று சட்டையைப் பிடித்தார்.

அப்போது அவன் நெஞ்சு தானாக விரிந்தது. தினமும் இந்த வாசலில் நின்று செய்கிற வேலை. அதற்கு யோசனை வேண்டியிருக்கவில்லை. கன்னம் உப்பியது. மனசுக்குள் 'அருள் நிறைந்த' என்று தொடங்கியதும் கால் நகர்ந்தது.

தொட்டியோரமாக நடந்தான். ஓடினால் மூச்சு வாங்கும், ஓடக்கூடாது என்பது அவனுக்குத் தெரியும். ஜெபம் முடிகிற இடத்தில் ரோஸி கிடந்தாள். அக்குளில் கை கொடுத்து இழுத்தான். வரவில்லை, அவள் கை எதையோ இறுகப் பிடித்திருந்தது. இன்னொரு முறை பலமாக இழுத்தான். அவள் கையோடு ஊதாப் புடவைச் சுருள் முழுசாக வெளியே வந்தது. ஓட்டைக்குள் தண்ணீர் கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது ஜெபம் பாதியில் வார்த்தைகள் குழம்பிப்போயின. மாதாவே, மாதாவே என்று மட்டும் வந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. ஜன்னலுக்குப் போய் மூச்சை விட்டுவிடு என்று நெஞ்சு இடித்தது. விடவில்லை. ஈரத்தில் அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, வாசல்படி முதுகில் இடித்து, இரண்டு பேருமாக வெளியே மண்ணில் விழுந்த பிறகுதான் விட்டான்.

சயனைடு காற்றுக்கு ஒரு கசப்பு வாசனை உண்டு என்பார்கள். அதைப் பற்றிக் கடைசிவரை ஒன்றும் சொல்லத் தெரியாத ஆள் அந்த ஷெட்டில் ராயப்பன் ஒருத்தன்தான்.

விஷக் காற்றுக்கு மாற்றாக மேடம் வாங்கி வைக்கச் சொல்லியிருந்த மருந்துக் குப்பிகள் ஆபீஸ் அலமாரியில் இருந்தன. கஜபதி ஒன்றைக் கைக்குட்டையில் வைத்து உடைத்து ரோஸியின் மூக்கருகே பிடித்தார். கொஞ்சம் கழித்து அவள் உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது. மூச்சு வந்தது. பக்கத்து ஷெட் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புஷ்பாவையும் தாயம்மாளையும் பார்த்துவிட்டு அன்றே அனுப்பிவிட்டார்கள். ரோஸி மட்டும் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் ராயப்பன் தோளைத் தட்டினார்கள். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தோம், இவன்தான்டா ஆம்பளை என்றார் ஜம்புலிங்கம். ஒவ்வொரு தட்டலும் அவனுக்கு அடியாக விழுந்தது. மறுநாள் கஜபதி வந்தார், கூடவே தாட்சாயிணி மேடமும்.

"இந்த மூணு தொட்டியும் வேணாம், குழியும் வேணாம் மேடம். பழையபடி குழாயத் தொறந்து வாய்க்கால்ல வுட்டுட்டு நிம்மதியா இருக்கோம். இத்தினி வருஷத்துல ஒரு உசுருக்கு ஆபத்து வந்துச்சா?" என்றார் கஜபதி.

மேடம் சுவரைப் பார்த்து நின்றார். "கரைக்கு மேல எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல. சரிவை நானே அளந்து பார்த்தேன். எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்" என்றார். அவர் கண் சிவந்திருந்தது.

ராயப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டான். சொன்னால் வேலை போகும். போலீஸ் வரும். ஜெயிலில் போடுவார்கள். எல்லாவற்றையும்விட, ரோஸிக்குத் தெரிந்துபோகும். அந்த ஊதாத் துணியை யாரோ எடுத்து ஷெட்டுக்கு வெளியே குப்பையில் எறிந்திருந்தார்கள். யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அவன் சும்மா இருந்தால் போதும்.

நர்ஸ் வந்து கூப்பிட்டாள். ரோஸி கண் விழித்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் அவனையே பார்த்தாள். உதடு வறண்டிருந்தது.

"அந்த ஊதாப் பொடவ" என்றாள். "என்துதானே?"

அவன் தலை குனிந்தான்.

"நீதான் அடைச்சியா?"

"ஆமா."

"பயந்துகினு அடைச்சே."

"ஆமா. மழ வந்து குழி ரொம்பி, வெஷம் வாய்க்காலுக்குப் பூடுமோன்னு..." அவன் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டான். "ஒன்ன நானே கொன்னுட்டேன்னு நெனச்சேன் ரோஸி."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எனக்குப் பயமா கீதுயா" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை. தான் பயப்பட்டபோதெல்லாம் ஜனங்கள் தனக்குச் சொன்ன பதில் சிரிப்பு ஒன்றுதான், அதை அவளுக்குக் கொடுக்க முடியாது. கையைப் பிடித்தபடி அவள் தூங்கும்வரை உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து வராந்தாவுக்கு வந்தான்.

"மொதலாளி, தொட்டி மேல தப்பில்ல. மேடம் மேலயும் தப்பில்ல. ஓட்டைய நான்தான் துணி வச்சி அடைச்சேன்."

கஜபதி அவனைப் பார்த்த பார்வையில் அவன் பாதியாகிப் போனான். ஓங்கின கையை அவர் எப்படியோ இறக்கிக்கொண்டார். வராந்தாவின் மறு கோடிக்குப் போய்விட்டார்.

மேடம் பெஞ்சில் உட்கார்ந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ராயப்பன்" என்றார்.

"சிரிப்பீங்கன்னு நெனச்சேன் மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார், திரும்பத் துடைத்தார்.

ராயப்பனுக்கு வேலை போகவில்லை. கஜபதி பத்து நாள் அவனோடு பேசவில்லை, அவ்வளவுதான். மூன்று தொட்டியும் அப்படியே இருந்தன, குழியும் இருந்தது. மேடம் கரையை இடுப்பளவுக்கு உயர்த்தினார், ஓட்டைக்குக் கம்பி வலை போட்டார். ஷெட்டுக்குள் ஆசிட் ஊற்றித் தரை கழுவுவது அதோடு போயிற்று. குழியைப் பார்த்துக்கொள்ள வேறு யாராவது வருகிறீர்களா என்று கஜபதி கேட்டபோது அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை, குழி ராயப்பனிடமே இருந்தது.

தீபாவளி கழிந்து ரோஸி வேலைக்கு வந்தாள். வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தால் பயம் இன்னும் மோசமாக இருக்கிறது என்றாள். கம்பி கட்டுகிற இடம் தொட்டிக்கு அந்தப் பக்கம். வாசல் வரைக்கும் நன்றாகத்தான் வந்தாள். படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். முகம் வெளுத்தது. ராயப்பனின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால முடியலய்யா. கால் வரல."

"வரும்" என்றான் அவன். "நெஞ்சு நெறைய இஸ்துக்க. மனசுக்குள்ள ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு, அவசரப்படாம சொல்லு. ஆமென் வர்றதுக்குள்ள ஜன்னலாண்ட போயிடலாம். நான் கூட வர்றேன்."

அவள் மூச்சை இழுத்தாள். கன்னம் இரண்டும் உப்பின. அவனும் இழுத்தான். இரண்டு பேரும் கை பிடித்துக்கொண்டு தொட்டியோரமாக நடந்தார்கள். ஷெட்டில் எல்லோரும் கையில் எடுத்த வேலையை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எதிரே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்த ஜம்புலிங்கம் மேஸ்திரி, சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார். அவர் சிரிக்கவில்லை. கடந்து போகும்போது ராயப்பன் கவனித்தான், அவர் கன்னமும் உப்பியிருந்தது.